எரிவதைத் தனியே விடாத அக்கா

தர்ஷினி, பிரவீன், இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் நான் போட்ட சத்தம் அதிகம்தான். தர்ஷினி, நீ ஆன்லைனில் வாங்கிய வாசனை மெழுகுவர்த்தியைப் படிக்கிற மேசையில் ஏற்றி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாய். மேசையை ஒட்டி ஜன்னல் திரை. மேலே ஃபேன். சுடர் ஒரு பக்கமாகப் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. "அஞ்சு நிமிஷம்தானப்பா" என்று நீ சொன்னதும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தம்பி பயந்துபோய் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டான்.

நேரில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பயம் எனக்கு ஒரு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது, சளி ஒட்டுகிற மாதிரி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றி நான் எழுதுவேன் என்று அவருக்குத் தெரியாது, அதனால்.

தர்ஷினி, நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்தாய். நான் குட்டியானை வண்டி எடுத்த புதிது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எது கிடைத்தாலும் ஏற்றுவேன். வெங்காயம், சிமெண்ட், கோழித் தீவனம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வண்டியில் மல்லி வாசனை ஏறும். அது அக்காவுடைய லோடு.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வானூர் பக்கம் ஒரு மெழுகுவர்த்திக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். மூட்டு வலி வந்து தினம் பஸ் ஏற முடியாமல் போனதும், திண்டிவனத்தில் மயிலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தானே செய்ய ஆரம்பித்தார். சோயா மெழுகு, சோப்புத் தூள் மாதிரி மூட்டையில் வரும். அதை உருக்கி, வாசனை எண்ணெய் கலந்து, திரி நட்ட கண்ணாடி டம்ளரில் ஊற்றுவார். வெண்ணெய் மாதிரி உறையும். மல்லி, எலுமிச்சைப்புல், வெட்டிவேர் என்று மூன்றே வாசனை. விழுப்புரத்தில் இரண்டு ஃபேன்ஸி ஸ்டோர்கள் வாங்கிக்கொண்டிருந்தன.

முதல் லோடு அன்றைக்கே அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது, "தம்பி, வண்டியத் திருப்பு" என்றார்.

"ஏங்க்கா, எதனா மறந்துட்டீங்களா?"

"ஒண்ணு எரிஞ்சிக்கினு இருக்கோன்னு இருக்கு."

"மூடிட்டுதானக்கா வந்தீங்க. நான் பாத்தேனே."

"நீ பாத்த. நான் பாத்தனான்னு எனக்குத் தெரியல. திருப்பு."

திருப்பினேன். அத்தனை தூரம் திரும்பி வந்து பூட்டைத் திறந்து உள்ளே போனார். மூடி போட்டபடியே இருந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனு இருக்கு. வா, போலாம்" என்று வண்டியில் ஏறிவிட்டார். என் முகத்தைப் பார்த்து, "திட்டணும்னா வாய்விட்டுத் திட்டு தம்பி, மனசுக்குள்ள வச்சிக்கினு ஓட்டாத. கவனம் போயிடும்" என்றார். அப்புறம் எப்படித் திட்டுவது.

ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அதிலிருந்து ஒன்றை எடுத்து, தொடக்கத்திலிருந்து அடிவரை தானே எரித்துப் பார்த்த பிறகுதான் மற்றதைக் கடைக்கு அனுப்புவார். தரையில் ஒரு டைல்ஸ் துண்டு, அதன் மேல் டம்ளர், பக்கத்தில் இவர். நாலு மணி நேரம் எரியவிட்டுத் தகர மூடியால் மூடுவார். நன்றாக ஆறிய பிறகு மறுபடி ஏற்றுவார். ஏற்றும் முன் கருகிய திரியை நகவெட்டியால் வெட்டுவார். ஒரு அரிசி நீளம்தான் திரி இருக்கலாம். நீண்டால் சுடர் உயரும், புகை கக்கும். எரிகிற நேரம் முழுக்க அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அங்கேயே பூண்டு உரிப்பார், கீரை ஆய்வார், போன் பேசுவார்.

தெருவில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை. குழாயில் தண்ணீர் வந்தால் எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்று கத்துவார். "வர்றியா, இல்ல உன் புள்ள தூங்கினப்புறம் வர்றியா?"

"மூடிட்டு வர்றேன், குடத்த வரிசையில போடு."

"தண்ணி நின்னாகூடப் பரவாயில்ல இவளுக்கு. பெத்தவகூட இப்படித் தொட்டில்கிட்ட குந்திக்கினு இருக்கமாட்டா."

அக்கா கோபப்படமாட்டார். ஆனால் அவர் கால் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதுகூட எழுந்திருக்கப் போகிற ஆள் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார். யார் வீட்டில் என்ன எரிந்தாலும், டீக்கடை அடுப்பாக இருந்தாலும், அவர் கேட்பது ஒரே கேள்வி. "கூட யாரு இருக்கா?"

நான் ஒரு நாள் கேட்டேன். "எப்பவாச்சும் தீக்காயம் பட்டுச்சாக்கா உங்களுக்கு?"

"இல்லியே."

"அப்புறம் ஏங்க்கா இவ்ளோ பயம்?"

"அடிபட்டவதான் பாத்து நடக்கணுமா? நீ வண்டி ஓட்டறியே, ஒருவாட்டி செத்துப் பாத்துட்டா பிரேக் புடிக்கக் கத்துக்கின?"

பெட்டியில் ஒவ்வொரு மெழுகுவர்த்தியோடும் ஒரு சீட்டு வைப்பார். திரையோரம் வைக்காதே, ஃபேனுக்குக் கீழே வைக்காதே, ஃபிரிட்ஜ் மேல் வைக்காதே, சூடாக இருக்கும்போது தூக்காதே, முதல் தடவை ஏற்றினால் ஓரம்வரை உருகும்வரை விடு, அடியில் சுண்டுவிரல் அகலத்துக்கு மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடு, எல்லாம் தமிழில் எழுதியிருக்கும். எழுதினவருக்கே அதில் நம்பிக்கை கிடையாது. "இதப் படிக்கிறாங்கன்னா நெனைக்கிற? பஜ்ஜி எண்ணெய ஒத்தி எடுப்பாங்க" என்பார். அதனால் விழுப்புரம் போகிற நாளில் கடைக்காரரிடம் யார் வாங்கினார்கள் என்று கேட்டு, தெரிந்த வீடாக இருந்தால் நேரே போய்விடுவார். நான் வண்டியில் காத்துக்கொண்டிருக்க வேண்டும். பேஜாராக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு வீட்டுக்குப் போனார். ரிட்டையர் ஆன டீச்சரம்மா வீடு. என்னையும் தண்ணீர் குடிக்க உள்ளே கூப்பிட்டார்கள். சாமி அலமாரியில் அக்காவின் வெட்டிவேர் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. டம்ளருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் நேற்றைய காய்ந்த சாமந்தி. சுடர் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. மேல்தட்டு கறுத்திருந்தது.

அக்கா குனிந்து மோந்து பார்த்தார். "டீச்சரம்மா, இதுல எண்ணெய் ஊத்தினீங்களா?"

"நல்லெண்ணெய்தாம்மா. பாதி ஆயிடுச்சேன்னு ஊத்தினேன். திரியையும் கொஞ்சம் தூண்டி விட்டேன்."

"இது விளக்கு இல்லீங்களேம்மா."

"எரியறது எதுவா இருந்தா என்ன? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சாமிகிட்ட ஏத்தினத அணைன்னு சொல்லுவியா நீ?"

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். விளக்கை வாயால் ஊத மாட்டோம். அணை என்றுகூடச் சொல்ல மாட்டோம். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவோம், திரியைத் தூண்டுவோம், எரிகிறவரை எரியட்டும் என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மெழுகுவர்த்திக்கு இது அத்தனையும் ஆபத்து. அக்கா அன்றைக்குச் சண்டை போடவில்லை. பையிலிருந்து தகர மூடியை எடுத்தார். "அணைக்க வேணாம்மா. மலையேத்துங்க. ஊதவும் வேணாம், தண்ணி தெளிக்கவும் வேணாம், இத மேல வச்சா அதுவே போயி உக்காந்துக்கும்" என்றார். டீச்சரம்மா மூடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டம்ளர் மேல் வைத்தார். அன்றிலிருந்து எல்லா டம்ளருக்கும் மூடி சேர்த்தே விற்றார் அக்கா.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

மயிலம் பக்கத்து கிராமத்தில் நாலு ஏக்கர் வைத்து மல்லாட்டையும் கரும்பும் போடுகிற ஒருவர், தன் பெண் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போடச் சின்ன மெழுகுவர்த்திகளாக நூற்றிருபது கேட்டிருந்தார். பாண்டிச்சேரியில் படித்த பெண், அவள் ஆசைப்பட்டதாம். விழுப்புரத்தில் மண்டபம், கார்த்திகை மாத முதல் முகூர்த்தம். வழக்கமாக டம்ளர் வாங்குகிற இடத்தில் அவ்வளவு சின்ன அளவில் இல்லை. வேறு ஒரு கடையிலிருந்து வரவழைத்தார். தாமதமாக வந்தது. ஊற்றி, உறைந்து, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் சோதனைக்கு ஒன்றை ஏற்ற முடிந்தது. மொத்தமே எட்டு மணி நேரம் எரியும். முதல் நாலு மணி நேரம் முடிந்து மூடி போட்டிருந்தார். மீதியை ஆறவைத்துத்தான் எரிக்க வேண்டும். அப்போது நான் வண்டியோடு போய் நின்றேன்.

"முழுசா எரிச்சிப் பாக்காம அனுப்பினதே இல்ல தம்பி. இவங்க டம்ளரு எனக்குப் பழக்கம் இல்ல."

"நாலு மணி நேரம் நல்லாத்தான எரிஞ்சிது? ரிசப்ஷன் சாயங்காலம்க்கா. எனக்கு வேற லோடு நிக்குது. ஏத்துங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மதியம் போன் வந்தது. "வண்டிய எடுத்துக்கினு வா. ஜல்தி."

போனேன். டைல்ஸ் துண்டின் மேல் டம்ளர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மெழுகு வழிந்து ஓடி உறைந்திருந்தது. அடியில் சுண்டுவிரல் அகலம் இருக்கும்போதே, மூடியைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, டப் என்று விட்டுவிட்டதாம். சுடர் மெழுகோடு சேர்ந்து டைல்ஸ் மேல் ஓடியிருக்கிறது. இவர் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

"கல்யாணம் முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"முடிஞ்சிடுச்சி. பை எல்லாம் ஊரு ஊரா போயிடுச்சி." அவர் குரல் நடுங்கவில்லை. கால்தான் ஆடிக்கொண்டிருந்தது. "தீபத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு தம்பி. அன்னிக்கி வீட்டுல இருக்கறத எல்லாம் ஏத்துவாங்க. ஏத்திட்டு ஊரு பூரா தெருவுக்கு வந்துடுவாங்க."

கார்த்திகை தீபத்துக்குள் அத்தனையையும் திரும்ப எடுத்தாக வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதற்கு அர்த்தம். ஏற்றச் சொன்னவன் நான்.

மறுநாள் விடிந்ததும் பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போனோம். வீட்டு வாசலில் வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தார்.

"நான் தாம்பூலத்துல வச்சிக் குடுத்தத நீ வீடு வீடா போயித் திருப்பி வாங்குவியா? எங்க பொண்ணு நேத்துதான் தாலி ஏறிப் போயிருக்குது."

"வாங்கலீங்க. மாத்திக் குடுக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். குடுத்தத திருப்பி எடுத்தா அந்தப் பொண்ணுக்கு ஆவுமா? நீயே சொல்லும்மா. நீயும் பொண்ணு வச்சிருக்கவதான?"

அக்கா அவர் கீழே வைத்த அண்டாவை எடுத்து மற்றதோடு அடுக்கினார். பிறகு, "மொதல்ல நான் புதுசு குடுப்பேன். அது அவங்க கைக்குப் போனப்புறம்தான் பழச வாங்குவேன். ஒரு கை ஒரு நிமிஷம்கூட வெறுங்கையா இருக்காது. உங்க பொண்ணு பேரச் சொல்லியே குடுக்கறேன்" என்றார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து, "பத்திரிகை வச்ச லிஸ்ட எடுத்துக் குடுங்க. நாளைக்கு எவன் வூட்டுலயாவது கூரை பத்திக்கினா நம்ம பொண்ணு பேருதான் அடிபடும்" என்று சொன்ன பிறகுதான் அந்த நோட்டு எங்கள் கைக்கு வந்தது. எந்த ஊரில் யார் யாருக்குப் பத்திரிகை வைத்தார்கள் என்று ஊர்வாரியாக எழுதிய நோட்டு. பை வாங்கிப் போனவர்களை அவர் மனைவியே நினைவுபடுத்திப் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

அக்காவிடம் பழைய கெட்டி டம்ளர்கள் கொஞ்சம் இருந்தன. அதில் புதிதாக ஊற்றி எடுத்துக்கொண்டு போவோம். மாற்றி வாங்கிய மெல்லிய டம்ளர்களில் இருக்கும் மெழுகைச் சுரண்டி உருக்கி, மறுபடி கெட்டி டம்ளரில் ஊற்றுவார். அது உறைந்ததும் அடுத்த ஊர். விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம், பிரம்மதேசம். நான் காலையில் என் லோடு, மதியத்துக்கு மேல் அவர் லோடு என்று ஓடினேன். அவர் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டார். வண்டியில் ஏறியதும் அடுத்த வீட்டின் பெயரைச் சொல்லுவார், இறங்கும் முன் அதற்கடுத்த பெயரைச் சொல்லுவார்.

விக்கிரவாண்டியில் ஒரு பெரியவர் கேட்டார். "மெழுகுவர்த்தியக் குடுத்துட்டுப் பின்னாலயே ஃபயர் இஞ்சின் மாதிரி வர்றீங்களே, நீங்க எந்த டிபார்ட்மெண்ட்டு?" ஒரு வீட்டில் டம்ளருக்குள் கற்பூரம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் டிவி மேல் இருந்தது. விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் மாதா படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்து ஜெபத்தில் இருந்தார்கள். டம்ளரில் பாதிக்குக் கீழே போயிருந்தது. அந்த வீட்டு அம்மா கண்ணைத் திறக்காமலே, "முடியட்டும்மா, நடுவுல அணைக்க மாட்டோம்" என்றார். நம் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார், மூட்டு வலியோடு. கையில் மூடி. கண் டம்ளரிலேயே இருந்தது. ஜெபம் முடிந்ததும் மூடினார். "சாமிக்கு நாங்க நாலு பேரு, மெழுகுவர்த்திக்கு நீங்க ஒருத்தர்" என்று அந்த வீட்டுப் பெண் சிரித்தது.

தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெண்ணின் அப்பாவுடைய கரும்புக் கொல்லையில் வேலை செய்கிற ஒரு அம்மா, பிரம்மதேசம் தாண்டி ஒரு ஊர். போனால் வீடு பூட்டியிருந்தது. கூரை வீடு. பக்கத்து வீட்டுக்காரம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கரும்பு வெட்டப் போயிட்டாங்க. பண்ருட்டிக்கு அந்தாண்ட. பங்குனி போயிதான் வருவாங்க."

"கல்யாணத்துல குடுத்த வர்த்திய எடுத்துக்கினு போனாங்களா, வீட்டுல இருக்குதா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? அவ மூட்டையப் பிரிச்சிப் பாத்தனா நானு?"

அக்கா ஜன்னல் சந்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். மல்லி வாசனை இல்லை. திரும்பி வந்து வண்டியில் ஏறினார். "எடுத்துக்கினு போயிட்டாங்க தம்பி. கரும்புக் கொல்லையில சோகைய விரிச்சித்தான் படுப்பாங்க. சுத்தியும் சோகை, மேல கூரையும் சோகை." சோகை என்பது கரும்பின் காய்ந்த தோகை. ஒரு தீக்குச்சி போதும்.

அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மறுநாள் காலையில் நான் போனபோது வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருந்தார், பண்ருட்டிக்குப் புறப்பட்டு. உடம்பு கொதித்தது. முகம் சுருங்கிப் போயிருந்தது. எதிர் வீட்டு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ரெண்டு நாளா பச்சத் தண்ணி இறங்கல. மவளுக்கு போன் பண்ணிட்டேன். இவள எங்கயும் இட்டுக்கினு போவாத, விழுந்துடுவா" என்றார்.

எனக்கும் அலுத்துப் போயிருந்தது, அதையும் உண்மையாகவே எழுதுகிறேன். பத்து நாளாகப் பாதி லோடு போய்விட்டது. உங்கள் அம்மா வேறு திட்டிக்கொண்டிருந்தாள். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அக்கா, அவங்களுக்கு போன் போட்டுட்டேன். மேஸ்திரி நம்பர் கெடச்சிது."

அவர் தலை நிமிர்ந்தது. "பேசினியா?"

"பேசினேன். போன நாலு நாள்லயே எரிச்சி முடிச்சிட்டாங்களாம்."

"அடி வரைக்குமா?"

"அடி வரைக்கும்."

"டம்ளரு?"

"நல்லா இருக்குதாம். அதுலதான் டீ குடிக்கிறாங்களாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் சிரித்தார். "டீ குடிக்கிறாங்களாமா" என்று இரண்டு முறை சொன்னார். எதிர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, குடித்தார். அத்தனை நாளில் முதல் முறையாக அவர் கால் ஆடாமல் இருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் தீபம். நான் விழுப்புரத்தில் கோழித் தீவனம் இறக்கிக்கொண்டிருந்தேன். பைபாஸில் கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று போனது. அது போன வழியெல்லாம் சோகை பறந்து விழுந்தது. கையில் இருந்த மூட்டையை அப்படியே கீழே வைத்தேன். இறக்குகிற ஆள், "இன்னாணா, நெஞ்சு வலியா?" என்றான். மீதியை அவர்களையே இறக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முன் சீட்டில் மாற்றிக் கொடுக்க வேண்டிய கடைசி டம்ளர், அக்கா கொடுத்தது, அப்படியே இருந்தது.

பண்ருட்டி தாண்டி மூன்று கொல்லைகளில் விசாரித்தேன். நாலாவதில் அவர்கள் இருந்தார்கள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருந்தது. சோகைக் குடிசைகள் ஏழெட்டு. அந்த அம்மா கை கால் கழுவி, குடிசைக்கு முன்னால் ஒரு சதுரம் சாணி தெளித்து மெழுகியிருந்தார். அதன் நடுவில் அந்த மெழுகுவர்த்தி. புதிதாக, ஏற்றாமல்.

"நீங்க யாரு?" என்றார்.

சொன்னேன்.

"இத எப்படிங்க ஏத்தறது? இவ்ளோ வாசனையா இருக்குதேன்னு புடவைக்கு நடுவுல வச்சிருந்தேன். இன்னிக்கி தீபமாச்சே, இங்க விளக்குக்கு எங்க போறது, இதாவது விடிய விடிய எரியட்டும்னு எடுத்து வச்சேன்."

முதலில் புதியதை அவர் கையில் கொடுத்தேன், கல்யாணப் பெண்ணின் பெயரைச் சொல்லி. பிறகு பழையதை வாங்கிக்கொண்டேன். சோகை இல்லாத வாய்க்கால் ஓரமாக இடம் பார்த்து, செங்கல் மேல் வைத்து, எரிகிறவரை ஒருவர் கூட இருக்க வேண்டும், படுக்கப் போகும்முன் மூடி போட வேண்டும் என்றேன். அந்த அம்மா புருஷனைப் பார்த்து, "கேட்டுக்கினியா, குந்து இங்க" என்றார். அவர் உட்கார்ந்தார்.

திண்டிவனம் திரும்பி, மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. முதல் நாளே மகள் வந்து சென்னைக்கு அழைத்துப் போய்விட்டாளாம். "சிரிச்சிக்கினேதான் போனா. டீ குடிக்கிறாங்களாம், டீ குடிக்கிறாங்களாம்னு எங்கிட்ட எத்தினிவாட்டி சொன்னா தெரியுமா?" என்றார் எதிர் வீட்டு அம்மா.

போன் செய்யலாம் என்று எடுத்தேன். கிடைத்துவிட்டது என்று சொன்னால், கிடைக்காமல் இருந்தபோது நான் சொன்னது என்ன என்று ஆகும். ஒரு நாள் முழுக்க அது சோகைக்கு நடுவே இருந்தபோது அவர் நிம்மதியாகக் கஞ்சி குடித்தார் என்று ஆகும். போனை வைத்துவிட்டேன். அப்புறம் அவர் திரும்பி வரவே இல்லை. மூட்டு ஆபரேஷன் ஆகி மகளோடேயே தங்கிவிட்டதாகக் கேள்வி. வீட்டையும் காலி செய்துவிட்டார்கள். நான் செய்தது சரியா தப்பா என்று உங்களிடம் சொல்லத் தெரியவில்லை. மீதி நாலு மணி நேரம் எரித்துப் பார்க்கட்டும் என்று அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அது மட்டும் தெரியும்.

அன்றைக்கு அந்தக் கடைசி மெழுகுவர்த்தி என் கையில் இருந்தது. வண்டியை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், குப்பை கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஸ்க்ரூ டிரைவரால் மெழுகைத் தோண்டி எடுத்தேன். டம்ளரைச் சாக்கில் சுற்றி, ஜாக்கி ராடால் ஒரே அடி. யாரும் அதை எடுத்து வேறு எதையும் ஊற்றி ஏற்றிவிடக் கூடாது. துண்டுகளை நாலைந்து செய்தித்தாளில் மடித்துச் சணல் போட்டுக் கட்டி, மேலே பேனாவால் பெரிதாக, 'உடைந்த கண்ணாடி, கை வைக்காதீங்க' என்று எழுதினேன். குப்பை மேட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். நிறுத்தி, இறங்கி, நடந்து போய், அந்தப் பொட்டலத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன். குப்பை அள்ளுகிற வண்டி வருகிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.